பழுத்த இலை

மதுரோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குப் பழுத்தது என்று பொருள். சுருட்டு உலகத்தில் அது ஒரு நிறத்தின் பெயர். வெளிர்பழுப்பு என்றால் கிளாரோ, செம்பழுப்பு என்றால் கொலொராடோ, கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டால் மதுரோ, அதையும் தாண்டிக் கறுத்தால் ஒஸ்குரோ. கடைக்குள் முதன்முறை நுழைகிறவர்களில் பாதிப் பேர் மதுரோவைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். ‘இவ்ளோ கறுப்பா இருக்கே, தலையைச் சுத்திடுமோ’ என்ற பயம். மீதிப் பேர் அதே காரணத்துக்காகவே அதை எடுப்பார்கள். இரண்டு தரப்பும் நம்புவது ஒன்றைத்தான்: கறுப்பு என்றால் காரம்.

அப்படி இல்லை. காப்பிக்கொட்டையைக் கரிய வறுத்தால் கசப்பு கூடும். அதனால் காஃபீன் கூடிவிடாது. சுருட்டிலும் கதை ஏறக்குறைய இதுதான். கறுப்பு என்பது வெளியே சுற்றியிருக்கும் ஒற்றை இலையின் நிறம். அந்த இலை கறுப்பதற்குக் காரணம் அதற்குக் கிடைத்த வெயிலும் வெப்பமும் காலமும். செடியிலிருந்து பறித்த இலையைக் கொட்டகையில் கோத்துத் தொங்கவிடுவார்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் பச்சை போய்ப் பழுப்பாகும். பிறகு லேசாக ஈரம் காட்டி, டன் கணக்கில் போர் போல அடுக்குவார்கள். அடுக்கிய இலை தன் பாரத்திலேயே உள்ளுக்குள் சூடேறிப் புளிக்கத் தொடங்கும். வைக்கோல் போருக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். போரின் நடுவே வெப்பமானி செருகியிருக்கும். சூடு அளவைத் தொட்டதும் போரைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். இந்தச் சூட்டில்தான் இலையிலிருக்கும் அம்மோனியா வெளியேறுகிறது, கரகரப்பு அடங்குகிறது. மதுரோவுக்குக் கூடுதல் சூடு, கூடுதல் மாதங்கள். அதைத் தாங்கத் தடித்த இலை வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் விளையும் பிராட்லீஃப், மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் இலை, நிகராகுவாவின் வெயிலிலை எல்லாம் இதற்குப் பேர்போனவை. அவசரக்காரர்கள் இலையை வேகவைத்தோ சாயம் ஏற்றியோ கறுப்பாக்குவதும் உண்டு. உதட்டில் கறை ஒட்டினால் சந்தேகப்படலாம்.

காரம் எங்கே இருக்கிறது என்றால், உள்ளே. செடியின் அடியிலைக்கு வொலாதோ, நடு இலைக்கு செக்கோ, வெயிலை முழுசாக வாங்கும் உச்சி இலைக்கு லிகெரோ என்று பெயர். இருப்பதிலேயே கனமான, காரமான இலை லிகெரோதான். ஆனால் ஸ்பானிய மொழியில் லிகெரோ என்றால் லேசானது! யார் வைத்த பெயரோ. அது மெதுவாக எரியும் என்பதால் சுருட்டின் நடுத்தண்டில் வைத்துச் சுருட்டுவார்கள். ஆக, வெளியே சாந்தமான வெளிர்நிறம் காட்டிவிட்டு உள்ளே லிகெரோவை அடைத்து வைத்திருக்கும் சுருட்டு ஆளைச் சாய்த்துவிடும். மதுரோ பல சமயம் இனிக்கும்.

2

ஒரு சுருட்டை மதிப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த முறையைப் படித்ததும் மரியாதை வந்தது. மார்வின் ஷாங்கன் 1992-இல் தொடங்கிய ‘சிகார் அஃபிசியானாடோ’ என்ற அமெரிக்க இதழ், சுருட்டுகளுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. பெயர்ப்பட்டையைக் கழற்றிவிட்டு எண் மட்டும் போட்ட பட்டையைச் சுற்றித் தருவார்கள். யார் செய்தது, என்ன விலை என்பது புகைப்பவருக்குத் தெரியாது. தோற்றத்துக்கும் கட்டுமானத்துக்கும் 15. சுவைக்கு 25. புகையும் தன்மைக்கு, அதாவது சீராக எரிகிறதா, இழுக்க இலகுவாக வருகிறதா என்பதற்கு 25. கடைசியாக, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 35.

மென்பொருள்காரனான என் கண் அந்த 35-இல் போய் நின்றது. மேலே இருக்கும் மூன்றுக்கும் ஏதோ ஒரு வரையறை சொல்லிவிடலாம். நான்காவதற்கு என்ன வரையறை? எங்கள் வேலையில் இப்படி ஒரு விதியை எழுதினால், ‘இதுக்குச் சோதனை எப்படி எழுதுறது’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், வரையறுக்க முடியாததுக்கு அதிக எடை இருக்கிறது என்பதை இந்த முறை மறைக்கவில்லை. சுவைக்கு 60 என்று போட்டுவிட்டு அறிவியல் வேஷம் கட்டியிருக்கலாம். செய்யவில்லை.

கூடவே இன்னொரு ஒழுங்கையும் கற்றுக்கொண்டேன். பழகினவர்கள் மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்வதே இல்லை. ஒன்று வலு: நிகோடின் உடம்பை என்ன செய்கிறது. இரண்டு கனம்: புகை வாயில் எவ்வளவு அடர்த்தியாக உட்காருகிறது, மோர் மாதிரியா, எருமைப்பால் மாதிரியா. மூன்று சுவை: எத்தனை விதமான ருசிகள் வந்து போகின்றன. ஒன்று கூடினால் மற்றதும் கூடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வலு குறைந்து, கனமும் சுவையும் நிறைந்த சுருட்டு உண்டு. வலுவைத் தவிர வேறெதுவும் இல்லாததும் உண்டு.

3

புளோரிடாவின் டாம்பா நகரத்தில் வேலை நிமித்தம் சில மாதங்கள் இருந்தேன். அங்கே ஈபோர் சிட்டி என்று ஒரு பகுதி. விசென்டே மார்டினெஸ் ஈபோர் என்ற சுருட்டு முதலாளி 1885-இல் நிலம் வாங்கித் தொழிற்சாலை கட்டி, கியூபர்களையும் ஸ்பானியர்களையும் குடியமர்த்தி உருவாக்கிய ஊர். இன்றைக்கும் நடுத்தெருவில் சேவல்கள் யாரையும் சட்டைபண்ணாமல் உலாத்தும். இங்கேயும் கியூபாவிலும் தொழிலாளர்கள் சுருட்டிக்கொண்டிருக்கும்போது உயரமான மேடையில் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்கு லெக்தோர் என்று பெயர். தொழிலாளர்களே காசு போட்டு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கியூபாவில் 1865-இல் தொடங்கிய வழக்கம் இது. ஈபோரில் 1931-இல் முதலாளிகள் அதை நிறுத்தினார்கள். செய்தித்தாளைக் கேட்டுக் கேட்டுத் தொழிலாளிகள் விவரமாகிவிட்டார்கள் என்பதுதான் அவர்களுடைய கவலை.

என்னோடு வேலை பார்த்த ஒரு மூத்தவர், கியூப வம்சாவளி, ஒரு சனிக்கிழமை மாலை என்னை அங்கே அழைத்துப்போனார். எனக்காக அவர் எடுத்தது பத்ரோன் 1964, எக்ஸ்குளூசிவோ அளவு, மதுரோ. ஐந்தரை அங்குல நீளம், 50 சுற்று. சுற்று என்பது அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு. 50 என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தடிமன். ஹோசே ஓர்லாந்தோ பத்ரோன் கியூபாவிலிருந்து வெளியேறி மயாமிக்கு வந்து, நண்பர் கொடுத்த சுத்தியலை வைத்துத் தச்சுவேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் 1964-இல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் முப்பதாம் ஆண்டு நினைவாக 1994-இல் வந்த வரிசை இது. இலை முழுவதும் நிகராகுவாவுடையது. பெட்டியில் அழுத்தி வைப்பதால் உருண்டையாக இல்லாமல் நாலு பட்டையாக இருக்கும்.

பற்றவைக்கும் முன்பே பாதி வேலை இருக்கிறது. மேலிலை கருப்பட்டியின் கறுப்பு. அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு. நரம்புகள் அழுத்தப்பட்டு அடங்கியிருந்தன. விரலால் மெல்ல அமுக்கினால் கொஞ்சம் உள்வாங்கித் திரும்ப எழுந்தது. எங்காவது பொத்தென்று போனால் அங்கே இலை குறைவு. கல்லாக இருந்தால் இழுவை அடைக்கும். ஈரப்பதம் 65-க்கும் 70 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கவேண்டும் என்றார் அவர். தமிழில் இதற்குப் பதம் என்ற ஒரு சொல் போதும் என்று நான் நினைத்துக்கொண்டேன். முனையை வெட்டிவிட்டு நெருப்பில்லாமல் ஒருமுறை இழுக்கச் சொன்னார். உலர்திராட்சை, கொஞ்சம் மாட்டுக்கொட்டகை வைக்கோல்.

பற்றவைக்கும்போது நெருப்பு இலையைத் தொடக்கூடாது. அடிப்பாகத்தைத் தீக்கு மேலே காட்டிச் சுழற்றிச் சூடேற்ற வேண்டும். அப்பளம் சுடுகிற மாதிரிதான். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக்கூடாது. சிகரெட் புகை அமிலத்தன்மை கொண்டது. அதன் நிகோடின் உடம்பில் ஏற நுரையீரல் வரை போகவேண்டும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. வாயின் உட்தோலே அதை வாங்கிக்கொள்ளும். இழுக்காததால் தப்பித்துவிடலாம் என்று பேசிக்கொள்கிறவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்க முடியும். வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றுக்கும் அது தீங்கானது.

முதல் மூன்றிலொரு பங்கில் கோகோத் தூளின் கசப்பும் அதன் அடியில் இனிப்பும் இருந்தன. அவர் சொல்லிக்கொடுத்தபடி புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக வெளியே விட்டேன். நாக்குக்கு ஐந்து ருசிதான் தெரியும், மற்றதெல்லாம் மூக்கின் வேலை என்று பாடத்தில் படித்தது அப்போது புரிந்தது. வாயில் வெறும் புகையாக இருந்தது மூக்கைத் தொட்டதும் மிளகாக விரிந்தது. கண்ணில் நீர் கட்டியது. நடுப்பகுதியில் மிளகு அடங்கி, காப்பிக்கொட்டை வறுபடும் வாசம் வந்தது. வறுத்த வேர்க்கடலைத் தோலின் துவர்ப்பும் இருந்தது. சாம்பல் ஓர் அங்குலத்துக்கு மேல் உதிராமல் நின்றது. கடைசிப் பங்கில் சூடு ஏறியது, இனிப்பு பின்னுக்குப் போய் மண்வாசம் முன்னால் வந்தது. மதிப்பிடுகிறவர்கள் இந்தக் கடைசிப் பங்கை வைத்துத்தான் சுருட்டைப் பிடிப்பார்கள். மட்டமான இலை இந்த இடத்தில் கசந்து காட்டிக்கொடுத்துவிடும். இது கசக்கவில்லை. எனக்கு லேசான கிறுகிறுப்பு இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

என்ன தெரிஞ்சது என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் பட்டியலைச் சொன்னார்: தோல், சிடார் மரம், பீக்கன் கொட்டை, எஸ்பிரெஸ்ஸோ, ஈர மண். பீக்கனை நான் அதுவரை தின்றதில்லை. அவர் கருப்பட்டியைத் தின்றதில்லை. சுவைக்குறிப்பு எழுதுகிறவர் சுருட்டைப் பற்றி எழுதுகிற அளவுக்குத் தன் சமையலறையைப் பற்றியும் எழுதுகிறார். அவர் சொன்ன சிடார்கூட உண்மையில் சிடார் இல்லை. சுருட்டுப் பெட்டி செய்யும் ஸ்பானிய சிடார், தாவரவியல்படி வேம்புக் குடும்பத்து மரம். இத்தனை கோடிப் பேர் ‘சிடார்’ என்று எழுதிவைத்த வாசனை நம் வாசல் வேம்பின் தூரத்துச் சொந்தக்காரனுடையது.

4

நான் இந்தக் கட்டுரை முழுக்கச் சுருட்டு என்றே எழுதுகிறேன். நம் ஊரில் அப்படிச் சொல்வதில்லை. பெங்களூரிலோ சென்னையிலோ குளிர்சாதன அறையில் தோல்நாற்காலியில் உட்கார்ந்து பிடித்தால் அது சிகார். திண்ணையில் குத்தவைத்துப் பிடித்தால் சுருட்டு. ஆங்கிலத்துக்கும் இதே பிரிவினை இருக்கிறது. அதிலும் மட்டமான பக்கத்துக்குக் கிடைத்தது நம் சொல்தான். 1886-இல் வெளியான ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி, செரூட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் தமிழின் சுருட்டு என்கிறது. இரண்டு முனையும் வெட்டிய, அலங்காரமில்லாத சரக்கு என்ற பொருளில் அது ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. ஆனாலும் திருச்சிச் சுருட்டு ஒருகாலத்தில் லண்டன் வரை போனது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த கறுத்த, செதில்செதிலான சாம்பலை வைத்தே கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுகிறார்.

அந்தச் சுருட்டுக்கு இலை போன பக்கம்தான் எங்கள் பக்கம். திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தில் புகையிலை ஒரு பெரிய வெள்ளாமை. என் அப்பத்தா சுருட்டுப் பிடிப்பாள். எங்கள் ஊரில் அந்த வயதுக் கிழவிகள் பிடிப்பது யாருக்கும் வினோதமாகத் தெரிந்ததில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ஒன்று. பாதியில் அணைத்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டால் மறுநாளைக்கு மீதி.

ஈபோரிலிருந்து திரும்பிய பிறகு நானே ஒரு குறிப்பேடு வைக்கத் தொடங்கினேன். வருடத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போவதில்லை என்பதால் அது மெல்லிய குறிப்பேடுதான். ஆங்கிலத்தில் எழுதும்போதெல்லாம் ஒரு வார்த்தையில் முட்டிக்கொண்டு நின்றேன். ஹார்ஷ். தொண்டையைப் பிடித்தாலும் ஹார்ஷ், மூக்கில் ஏறினாலும் ஹார்ஷ், நாக்கு மரத்தாலும் ஹார்ஷ். அப்போதுதான் அப்பத்தா கடைக்காரரிடம் சண்டை பிடிப்பது காதில் ஒலித்தது. “என்னப்பா, ஈர இலையச் சுருட்டிக் குடுத்திருக்க? நெடி தாங்கல.” இன்னொரு நாள், “இது கமறுதுய்யா, இன்னும் கொஞ்சம் ஆறணும்.” வேறொரு நாள், “காறுது, வேணாம்.” ஒன்றுமில்லாத சுருட்டுக்கு, “சப்புன்னு கெடக்கு.” தலைக்கு வந்துவிட்டால், “ஏறிருச்சு ராசா, அந்தச் செம்புத் தண்ணிய எடு.”

இவை வசவுகள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றும் ஓர் அளவீடு. நெடி என்றால் மூக்கில் அறைவது: அம்மோனியா போகவில்லை, போரிலிருந்து சீக்கிரம் பிரித்துவிட்டார்கள். கமறல் தொண்டையில் வருவது, மிளகாய் வறுத்தால் வருகிற அதே இருமல்: புளித்தது சரி, ஆனால் ஆறப்போடவில்லை. காறல் நாக்கின் ஓரத்தில் அரிப்பது, வேகாத கருணைக்கிழங்கு செய்வது: இலையே முற்றாமல் பறித்தது. சப்பு என்றால் சுவை இல்லை. ஏறுவது என்றால் வலு. பதம் என்றால் ஈரப்பதம். மதிப்பெண் அட்டவணையின் பாதியை அவள் வாசற்படியில் உட்கார்ந்தே நிரப்பியிருக்கிறாள். பிழை எந்தக் கட்டத்தில் நடந்தது என்பதுவரை அந்தச் சொற்களில் இருக்கிறது. ஹார்ஷ் என்பது ‘ஏதோ கோளாறு’ என்று மட்டும் சொல்லும் பிழைச்செய்தி. கமறல் என்பது எந்த வரியில் கோளாறு என்று சொல்லும் பிழைச்செய்தி.

அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், அவள் இலையை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவள். முப்பது வருடம் புகையிலைக் காட்டில் கூலிக்குப் போனாள். செடி பூக்கும்போது மொட்டைக் கிள்ளவேண்டும். பக்கவாட்டில் துளிர்த்தால் ஒடிக்கவேண்டும். பூவுக்குப் போகவிருந்த சத்து இலைக்குத் திரும்பும்; வேரில் உண்டாகும் நிகோடின் இலையில் சேரும். சுருட்டின் வலு என்று மதிப்பீட்டாளர் எழுதுவதில் ஒரு பங்கு, கிள்ளிய விரல்களின் வேலை. பனி ஈரத்தோடு இலையைத் தொட்டால் நிகோடின் தோல் வழியாகவே ஏறும். வாந்தி, தலைச்சுற்றல், படபடப்பு. இதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே உண்டு. அப்பத்தா அதற்கும் ‘ஏறிருச்சு’ என்றுதான் சொன்னாள். அந்த நாட்களில் வெயில் ஏறின பிறகுதான் காட்டுக்குள் இறங்குவார்களாம்; மேஸ்திரி விடவில்லை என்றால் வாந்தி எடுத்துக்கொண்டே வேலை. ஒரே சொல். ஈபோரில் தோல்நாற்காலியில் எனக்கு ஏறியதும் வரப்பில் அவளுக்கு ஏறியதும் ஒரே வேதிப்பொருள். எனக்குச் சர்க்கரைப் பொட்டலம் வந்தது.

5

அவளுக்கு எழுபத்தொன்றாவது வயதில் கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் வந்தது. மதுரையில் அறுத்தார்கள், பிறகு கதிர்வீச்சு. சுருட்டும் வெற்றிலையோடு போட்ட புகையிலையும்தான் காரணம் என்று மருத்துவர் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. “அதச் சொல்லாட்டி வேற எதச் சொல்லுவாரு” என்றாள்.

கதிர்வீச்சு எச்சில் சுரப்பிகளைக் கெடுத்துவிடும், நாவின் ருசி மொட்டுகளையும். சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும். அவளுக்குத் திரும்பவில்லை. அம்மா என்ன சமைத்துக் கொடுத்தாலும், கூழாகக் கரைத்த சோறு, பருப்புத் தண்ணீர், பதநீர், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “மண்ணா இருக்கு.” உப்பு போட்டாலும் மண், சீனி போட்டாலும் மண். கடைக்காரரிடம் ஒரு சுருட்டுக்கு ஐந்து விதக் குறை சொன்ன வாய்க்குக் கடைசி எட்டு மாதம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது.

சுவைக்குறிப்புகளில் மண் என்பது பாராட்டு. நிகராகுவாவின் எரிமலை மண்ணில் விளைந்த இலையைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் வராமல் போகாது. என் குறிப்பேட்டிலும் ஈபோர் சுருட்டின் கடைசிப் பங்குக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன்; அந்தச் சுருட்டுக்கு அது சரியான சொல்தான், அடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எழுதும்போது ‘மழை விழுந்த செம்மண்’, ‘உழுத வயல்’, ‘மண்பானைத் தண்ணீர்’ என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வெறும் மண் அவளுடையது.

ஏன் இன்னும் பிடிக்கிறாய் என்று தங்கை கேட்கிறாள். வருடத்துக்கு இரண்டுதானே என்பது ஒரு பதில், அது அவளுக்குப் போதவில்லை, எனக்கும் போதாது. மணி ஒன்றரை நேரம் வேறெதையும் செய்யாமல், வாயிலும் மூக்கிலும் நடப்பதை மட்டும் கவனித்துக்கொண்டு உட்கார்வது எனக்கு வேறெந்த வழியிலும் இன்னும் கைகூடவில்லை. நல்ல மதுரோவுக்குள் சில வருடங்களின் காத்திருப்பு இருக்கிறது. அதை அவசரமாக இழுத்தால் சூடாகிக் கசந்துவிடும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்பது கணக்கு. அந்த வேகத்தில் ஓடுகிற எதுவும் என் நாளில் கிடையாது. அதன் விலை என்ன என்பதை ஒரு வாயில் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே பக்கத்தில்தான் எழுதிவைக்கிறேன். யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

6

எங்கள் குலசாமி கருப்பு. படையலில் கிடாய், சாராயம், சுருட்டு மூன்றும் இருந்தாக வேண்டும். சுருட்டு வாங்குகிற பொறுப்பு அப்பத்தாவுடையது. தனக்கு வாங்குவதைவிட உசந்த கட்டாகப் பார்த்து, மோந்து, நசுக்கிப் பார்த்து வாங்கி மஞ்சத்துணியில் முடிந்து வைப்பாள். “சாமி வாயில கமறக்கூடாதுல்ல.” அவள் போன பிறகு அந்த வேலை சித்தப்பா மகனிடம் போனது. அவன் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

டாம்பாவிலிருந்து திரும்பியபோது அதே பத்ரோன் மதுரோவில் இரண்டைக் கொண்டுவந்திருந்தேன். ஒன்றின் விலை 17 டாலர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடப் படையலில் ஒன்றை இலையில் வைத்தேன். பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் வைத்தேன்; பெயர் தெரியாமல் மதிப்பிடுவதுதானே முறை.

பெரியப்பாவுக்கு அருள் வந்தது. மேளம் உச்சத்தில் இருந்தது. சித்தப்பா மகன் அந்தச் சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்தான், நெருப்பை நேராக இலைமேலேயே வைத்து. சாமி ஓர் இழுப்பு இழுத்தது. புகை அடர்த்தியாக வெளியே வந்தது. இன்னோர் இழுப்பு. ஆட்டம் கொஞ்சம் நிதானித்தது. சாமி சுருட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“என்னடா இது, இனிக்குது?”

மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஏறாதுடா. நம்ம சுருட்டக் கொண்டா.”

பெட்டிக்கடைச் சுருட்டு வந்தது. சாமி அதைப் பற்றவைத்துக்கொண்டு ஆடப் போய்விட்டது. பத்ரோனைப் பூசாரி எடுத்துத் தட்டி அணைத்து, மீதியைத் தன் வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார்.